கண்ணிலும் மூளையிலும் சுவட்டு உலோகங்கள்

பெங்களூரு நகரின் தென்பகுதியில், ஓசூர் செல்லும் சாலையில் அடுகோடி அமைந்துள்ளது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தேசியக் கால்நடை ஊட்டவியல், உடலியல் நிலையம் 1995ஆம் ஆண்டு முதல் இங்கு நடைபெற்று வருகிறது. எந்த வட்டாரத்துத் தீவனத்தில் எந்தத் தாது குறைவாக உள்ளது என்று கண்டறிந்து, அவ்வவ்விடத்திற்குப் பொருந்தும் தாது உப்புக் கலவையை வகுத்துக் கொடுப்பது இந்நிலையத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்று. தாமிரமும் துத்தநாகமும் இக்கணக்குகளில் அடிக்கடி வரும் பெயர்களாகும். அதே சாலையில் சிறிது தூரம் சென்றால் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையம் உள்ளது. அதை மக்கள் நிம்ஹான்ஸ் என்ற சுருக்கப் பெயராலேயே அறிவர். அங்கும் தாமிரம், துத்தநாகம், இரும்பு ஆகியவை ஆராய்ச்சிக்குரிய பொருள்களே. ஆயினும் கேள்வி வேறு. கால்நடைகளுக்குப் போதவில்லை என்று நாம் கவலைப்படும் இவ்வுலோகங்கள், மனிதனுடைய கண்ணிலும் மூளையிலும் இடம் தவறித் தேங்கினால் என்ன நேரும் என்பதே அது.

உடலில் மிகச் சிறிய அளவில் மட்டும் காணப்படும் உலோகங்களைச் சுவட்டு உலோகங்கள் என்பர். வயது வந்த ஒருவருடைய உடலில் இரும்பு 3 முதல் 4 கிராம் வரையிலும், துத்தநாகம் ஏறத்தாழ 2 கிராமும் இருக்கும். தாமிரமோ சுமார் 100 மில்லிகிராம்தான். ஒரு குன்றிமணியின் எடைக்கும் அது சற்றுக் குறைவு. அளவு சிறிதாயினும் இவையின்றி உயிர் வாழ்க்கை நடவாது. மூளை நம் உடல் எடையில் 2 சதவிகிதமே ஆயினும், உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 சதவிகிதத்தை அது ஒன்றே செலவிடுகிறது. அப்பிராணவாயுவை அணுக்களுக்குள் பயன்படுத்தும் நொதிகளில் இரும்பும் தாமிரமும் அடங்கியுள்ளன. துத்தநாகம் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் சந்திகளிலும், கண்ணின் விழித்திரையிலும் மிகுதியாக உண்டு.

குறைந்தால் வரும் கேட்டைக் கால்நடைத் துறை ஊழியர்கள் நன்கு அறிவர். தாமிரம் குறைந்த மேய்ச்சலில் வளர்ந்த சினையாடுகள் ஈனும் குட்டிகள் சில, பின்னங்கால்கள் தள்ளாட நிற்க முடியாமல் விழுகின்றன. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள கொழுப்புறை சரியாக வளராததே இதற்குக் காரணம். மிகுந்தால் வரும் கேடு அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் புலனாவதில்லை. தளையின்றித் திரியும் தாமிரமும் இரும்பும் பிராணவாயுவோடு கூடி, அணுக்களை அரிக்கும் வினைமிக்க பொருள்களை உண்டாக்குகின்றன. ஆகவே உடல் இவற்றைத் தனியே விடுவதில்லை. குடலிலிருந்து கல்லீரலுக்கும், கல்லீரலிலிருந்து பிற உறுப்புகளுக்கும், ஒவ்வொரு படியிலும் ஒரு புரதத்தின் கையில் ஒப்படைத்தே அனுப்புகிறது. இக்காவல் ஏற்பாட்டில் ஒரே ஓர் இடம் பழுதுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு வில்ஸன் நோயைவிடத் தெளிவான சான்று மருத்துவ நூல்களில் வேறு கிடைப்பது அரிது.

கருவிழியின் விளிம்பில் ஒரு வளையம்

1912ஆம் ஆண்டில் லண்டன் நகர நரம்பியல் மருத்துவராகிய கின்னியர் வில்ஸன் என்பவர், கல்லீரல் கெடுவதுடன் மூளையின் ஆழ்பகுதியும் கெடுகின்ற ஒரு குடும்ப நோயை விவரித்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1902இல் கைஸர் என்பவரும் 1903இல் ஃபிளைஷர் என்பவருமாக ஜெர்மன் மருத்துவர் இருவர், சிலருடைய கருவிழியின் விளிம்பில் பசுமை கலந்த பழுப்பு நிற வளையம் ஒன்று இருப்பதைக் குறித்து வைத்திருந்தனர். இவ்வளையமும் அம்மூளை நோயும் ஒன்றைச் சேர்ந்தவையே என்பது பின்னரே புலப்பட்டது. வளையம் தாமிரத்தால் ஆனது. இந்நோயாளிகளின் கல்லீரலிலும் மூளையிலும் தாமிரம் மிகுந்திருப்பதை 1948இல் கமிங்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி அளந்து காட்டினார். 13ஆவது குரோமோசோமில் உள்ள பழுதுபட்ட மரபணு எது என்பது 1993இல் தெளிவாயிற்று.

நாம் உண்ணும் உணவில் நாள்தோறும் ஒன்றிரண்டு மில்லிகிராம் தாமிரம் உள்ளது. தேவைக்கு மேற்பட்டதைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து வெளியேற்றிவிடும். வில்ஸன் நோயில் இந்த வாயில் அடைபட்டுள்ளது. தாமிரம் முதலில் கல்லீரலில் சேர்கிறது. அது நிரம்பியபின் இரத்தத்தில் வழிந்து மூளையையும் கண்ணையும் அடைகிறது. தாய் தந்தை இருவரும் பழுதுபட்ட மரபணுவில் ஒவ்வொரு பிரதி வைத்திருந்து, தாம் நோயின்றி இருப்பினும், அவர்களுடைய குழந்தைகளில் ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு உண்டு. உலகில் பொதுவாக முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் என்று மதிப்பிடுவர். நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கமுள்ள சமூகங்களில் இவ்வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று பெண் கொள்ளும் தென்னிந்தியக் குடும்பங்களுக்கு இது வெறும் புத்தகச் செய்தியன்று.

1954இல் நிறுவப்பட்ட அகில இந்திய மனநல நிலையமும் அதற்கு முன்பிருந்தே இருந்த மைசூர் அரசினர் மனநோய் மருத்துவமனையும் 1974இல் இணைந்து உருவானதே நிம்ஹான்ஸ் ஆகும். தென்னிந்தியா முழுவதிலிருந்தும் நரம்பு நோயாளிகள் அங்கு வருவதால், பிற இடங்களில் ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் ஒன்றிரண்டு காணக்கூடிய இந்நோயை அங்கு நூற்றுக்கணக்கில் காண முடிந்தது. முப்பதாண்டுக் காலத்தில் பரிசோதிக்கப்பட்ட 282 நோயாளிகளைப் பற்றி ஏ. பி. தாலியும் அவருடன் பணிபுரிந்தோரும் 2007இல் ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டனர். அவ்வறிக்கையிலிருந்து களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. நோய் தொடங்கிய சராசரி வயது ஏறத்தாழ 16. நோய் இன்னதென்று தெரியவந்தது சராசரியாக அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. பாதிக்கும் மேற்பட்டோர் உறவு மணத்தில் பிறந்தவர்கள். மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் கண் வளையம் தவறாமல் காணப்பட்டது; கல்லீரல் மட்டும் பாதிக்கப்பட்டோரில் சிலரிடம் அது இல்லை.

அந்த மூன்று ஆண்டுகள் எங்கே கழிகின்றன? பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான். நன்றாகப் படித்துவந்த மாணவனின் கையெழுத்து சில மாதங்களில் கோணலாகிறது. பேச்சு குழறுகிறது. வாயோரம் எச்சில் வடிகிறது. காரணமின்றிச் சிரிப்பது போன்ற முகத்தோற்றம் நிலைத்துவிடுகிறது. நடையில் தடுமாற்றம், கையில் நடுக்கம், எதற்கெடுத்தாலும் கோபம் ஆகியவை தோன்றுகின்றன. மதிப்பெண் குறைகிறது. இவற்றைக் கண்டு பையன் கெட்ட சகவாசத்தில் விழுந்துவிட்டான் என்று முடிவு கட்டி அடித்தவர்களும் உண்டு. பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்கச் சென்றவர்களும் உண்டு. ஒரு குழந்தைக்கு முன்பு மஞ்சட்காமாலை வந்திருந்து, பின்னர் இக்குறிகளும் தோன்றினால், அல்லது அதே வீட்டில் உடன்பிறந்த ஒருவர் இளவயதில் கல்லீரல் கோளாற்றால் இறந்திருந்தால், தாமதமின்றி மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவதே ஆசிரியரின் கடமையாகும்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது கண். வளையம் பொதுவாகக் கருவிழியின் மேல் விளிம்பில் தொடங்கி, பிறகு கீழ் விளிம்பிலும், இறுதியாகப் பக்கங்களிலும் பரவுகிறது. ஆகையால் மேல் இமையை உயர்த்தாமல் பார்த்தால் ஆரம்ப நிலையில் தவறிவிடும். ஐரோப்பியரின் நீலக் கண்களில் வெறும் பார்வைக்கே தெரியும் இவ்வளையம், நம்மவரின் கருமை கலந்த பழுப்புக் கண்களில் எளிதில் தெரியாது. கண் மருத்துவரிடமுள்ள ஸ்லிட் விளக்கு என்னும் கருவியால்தான் ஐயமின்றிக் காண முடியும். பார்வையை இவ்வளையம் கெடுப்பதில்லை. அதனால் நோயாளி இதைப் பற்றி முறையிடுவதும் இல்லை. சிலருக்கு விழிவில்லையிலும் தாமிரம் படிந்து, சூரியகாந்திப் பூவின் இதழ்களை ஒத்த கண்புரை உண்டாகும். 24 மணி நேரச் சிறுநீரில் தாமிர அளவையும், இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்னும் தாமிரப் புரதத்தையும் அளந்து நோயை உறுதி செய்வர்.

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு என்பதே இதனைத் தாமதமின்றிக் கண்டறிய வேண்டியதற்குக் காரணம். 1956இல் ஜே. எம். வால்ஷ் என்ற ஆங்கில மருத்துவர், பெனிசிலின் சிதைவதால் உண்டாகும் பெனிசிலமின் என்ற பொருள் தாமிரத்தைப் பற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதைக் காட்டினார். அதுவரை மரணம் நிச்சயம் என்றிருந்த நோய் அன்று முதல் கட்டுக்குள் வந்தது. ஆனால் அம்மருந்தின் விலை அதிகம். வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் சிலருக்கு நரம்புக் கோளாறு முன்னிலும் மோசமாவதும் உண்டு. துத்தநாகம் இவ்விடத்தில் வேறொரு வழியில் உதவுகிறது. அது உட்கொள்ளப்பட்டதும் குடற்சுவரின் அணுக்களில் ஒரு புரதம் பெருகுகிறது. அப்புரதம் உணவிலுள்ள தாமிரத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. அவ்வணுக்கள் சில நாளில் உதிர்ந்து மலத்தோடு வெளியேறும்போது தாமிரமும் வெளியேறிவிடுகிறது. பெனிசிலமினும் துத்தநாக சல்பேட்டும் சேர்த்து உட்கொண்டுவந்த நோயாளிகளுக்குப் பெனிசிலமினை நிறுத்தித் துத்தநாகத்தை மட்டும் தொடர்ந்தபோதும் பெரும்பாலோர் நிலை குன்றாமல் இருந்தனர் என்று நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2008இல் தெரிவித்தனர். ஏழைக் குடும்பங்களுக்கு இது சிறிய உதவியன்று. நெல் வயலில் துத்தநாகக் குறைவுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ இடும்படி வேளாண் ஊழியர்கள் சொல்லும் துத்தநாக சல்பேட் இதே உப்புதான். ஆயினும் உரக்கடைச் சரக்கில் காரீயம் முதலிய அசுத்தங்கள் இருக்கக்கூடுமாதலால், மருந்தின் வேலையை அதற்குக் கொடுக்கலாகாது.

சிகிச்சை தொடரத் தொடரக் கருவிழி வளையம் மெல்ல மறைகிறது. மூளையிலிருந்தும் தாமிரம் விலகிவருகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்தோர் அனைவரையும், அவர்கள் நலமாகவே தோன்றினாலும், பரிசோதிக்க வேண்டும். அறிகுறி தோன்றுமுன் தொடங்கிய சிகிச்சை ஒருவரை வாழ்நாள் முழுவதும் காக்க வல்லது.

செம்புப் பாத்திரத்தைப் பற்றி இங்கு ஒரு சொல். நலமான கல்லீரல் உடையவர் செம்பில் வைத்த நீர் பருகுவதால் வில்ஸன் நோய் வராது. ஆனால் அந்நோய் உள்ளவர் அதனைத் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தைகளின் நிலையும் வேறு. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைக் குழந்தைகளுக்குப் புகட்டியதற்கும், இந்தியக் குழந்தைகளிடம் ஒரு காலத்தில் பெருவாரியாகக் காணப்பட்ட கல்லீரல் இறுக்க நோய்க்கும் தொடர்புண்டு என்று பூனாவில் நடந்த ஆராய்ச்சி 1983இல் சுட்டிக்காட்டியது. பாத்திரங்கள் மாறிய பின் அந்நோய் அரிதாகிவிட்டது.

முதுமையின் மறதி நோய்

வில்ஸன் நோயில் காரணம், உலோகம், கண், மூளை, மருந்து யாவும் ஒரே நூலில் கோத்த மணிகளைப் போல் அமைந்துள்ளன. அல்ஸைமர் நோயில் அதே மணிகள் சிதறிக் கிடக்கின்றன. நூல் இன்னும் கைக்கு அகப்படவில்லை.

1906இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் அலாய்ஸ் அல்ஸைமர் என்ற மருத்துவர், நினைவாற்றலை இழந்து இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் தாம் கண்ட மாறுதல்களை விவரித்தார். நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்னும் புரதத் திட்டுகள். அணுக்களுக்கு உள்ளே முடிச்சிட்ட நூல் போன்ற டாவ் என்னும் புரதச் சிக்கல்கள். இன்றும் நோயின் அடையாளங்கள் இவையே. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவிகிதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், அறிவாற்றல் குன்றும் நோய்களுக்கு ஆளாகியுள்ளனர் என்று 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. இந்நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்ஸைமர் நோயே.

அமிலாய்டுத் திட்டுகளில் உலோகங்கள் உள்ளன என்பதில் ஐயமில்லை. இந்நோயாளிகளின் மூளையில் இரும்பு படிந்திருப்பது 1953இலேயே சாயமிட்டுக் காணப்பட்டது. துத்தநாகம் பட்டவுடன் கரைசலிலுள்ள அமிலாய்டு திரள்கிறது என்று 1994இல் சோதனைக் குழாயில் காட்டப்பட்டது. திட்டுகளுக்குள் தாமிரம், இரும்பு, துத்தநாகம் ஆகிய மூன்றும் சுற்றியுள்ள பகுதியைவிட அதிகமாகச் செறிந்திருப்பதை அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 1998இல் அளந்து தெரிவித்தனர். எலிகளுக்கு இயற்கையில் இத்திட்டுகள் உண்டாவதில்லை. அவற்றின் அமிலாய்டு மனிதனுடையதினின்றும் மூன்றே இடங்களில் வேறுபடுகிறது. அவற்றுள் ஒன்று உலோகத்தைப் பற்றும் இடம் என்பது கவனிக்கத்தக்கது.

நம் நாட்டிலும் இத்துறையில் பணி நடந்துள்ளது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் கே. எஸ். ஜகந்நாத ராவின் குழுவினர், நிம்ஹான்ஸைச் சேர்ந்த எஸ். கே. சங்கர் முதலியோருடன் கூடி, அல்ஸைமர் நோயாளிகளின் மூளை தண்டுவட நீரில் உள்ள சுவட்டு மூலகங்களை அளந்து 1999இல் வெளியிட்டனர். நோய் முற்றியவர்களின் மூளையில், நினைவுக்கு நிலைக்களனாகிய ஹிப்போகாம்பஸ் பகுதியில், மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. வழக்கமான வலச்சுழி வடிவிலிருந்து இடச்சுழி வடிவிற்கு மாறியுள்ளது என்று ராவும், இந்திய விஞ்ஞான நிலையத்தின் எம். ஏ. விஸ்வமித்ராவும் உடன்பணியாளரும் 2002இல் அறிவித்தனர்.

இத்தகைய அளவீடு எவ்வளவு கடினமானது என்பதை வெளியிலிருப்போர் எளிதில் உணர்வதில்லை. உயிரோடிருப்பவரின் மூளையிலிருந்து துண்டெடுக்க முடியாது. ஆகவே இறந்தபின் குடும்பத்தார் மனமுவந்து அளிக்கும் மூளையை நம்பியே ஆராய்ச்சி நடைபெற வேண்டும். இதற்கென 1995இல் நிம்ஹான்ஸில் மனித மூளை வங்கி ஒன்று நிறுவப்பட்டது. அதனை உருவாக்கியவர் மேற்சொன்ன சங்கர். அதனை ஒட்டிய காட்சிசாலையில் பள்ளி மாணவரும் உண்மையான மனித மூளையைக் கையால் தொட்டுப் பார்க்க இடமுண்டு. உலோக ஆராய்ச்சிக்கு வேண்டிய பகுதியை ஃபார்மலினில் ஊற வைத்தால் உலோகங்களில் ஒரு பகுதி கரைந்து வெளியேறும். ஃபார்மலினில் உள்ள அசுத்தம் உள்ளே புகும். எஃகுக் கத்தியால் வெட்டினால் கத்தியின் இரும்பே கணக்கில் சேர்ந்துவிடும். கிராமுக்கு மைக்ரோகிராம் என்ற அளவில் கணக்கிடும்போது ஆய்வாளரின் கையுறைத் தூளும் ஒரு விஷயமே. வெவ்வேறு நாட்டு ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று முரணான எண்களைத் தந்தமைக்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

எண்கள் சீராக அமைந்த இடத்திலும் ஒரு புதிர் எஞ்சுகிறது. திட்டுகளில் தாமிரம் மிகுந்திருக்க, நோயாளியின் மூளைத் திசுவை மொத்தமாக அளந்தால் தாமிரம் நலமுள்ளவரைவிடக் குறைந்தே காணப்படுகிறது. அவ்வாறாயின் நோய் தாமிர மிகுதியா, தாமிரக் குறைவா? உலோகம் அங்கு இருப்பதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் உலோகம் அங்கு சென்று ஒட்டிக்கொண்டதா? தீப்பிடித்த கூரையருகே குடமும் கையுமாய் நிற்பவர் எல்லாரும் தீ வைத்தவர் அல்லர்.

அலுமினியப் பாத்திரம்

இவ்வேறுபாட்டைக் கவனியாமல் அவசரப்பட்டதன் விளைவை அலுமினியத்தின் கதையில் காணலாம். 1965இல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது நரம்பணுக்களில் நூற்சிக்கல்கள் தோன்றின. 1970க்குப் பின்னர் சில நோயாளிகளின் மூளையில் அலுமினியம் மிகுந்திருப்பதாகச் செய்திகள் வந்தன. சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஏற்பட்ட அறிவுக் குழப்பத்திற்கு அலுமினியமே காரணம் என்று 1976இல் தெரிவிக்கப்பட்டது. இது உண்மையே. ஆனால் அது அல்ஸைமர் நோயன்று. முயலின் நூற்சிக்கலும் மனிதனின் நூற்சிக்கலும் அமைப்பில் வேறானவை என்பதும் பின்னர் தெரிந்தது. எனினும் அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் மறதி நோய் வரும் என்ற பேச்சு இன்றளவும் வீடுதோறும் உலவுகிறது. புளிக்குழம்பும் தக்காளி ரசமும் அலுமினியத்தைச் சிறிது கரைக்கும் என்பது மெய். அவ்வாறு வயிற்றை அடைவதில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை; சேர்ந்ததையும் நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. சிறுநீரக நோயாளிகள் எச்சரிக்கையாக இருத்தல் நன்று. மற்றவர்களைப் பொறுத்தவரை இக்குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை.

உலோகமே காரணமாயின் அதை அகற்றினால் நோய் தணிய வேண்டும். வில்ஸன் நோயில் வெற்றி தந்த இத்தருக்கத்தை அல்ஸைமர் நோயிலும் பலர் சோதித்தனர். 1991இல் கனடாவில் 48 நோயாளிகளிடம் டெஸ்ஃபெரியாக்ஸமின் என்ற மருந்து இரண்டாண்டுகள் சோதிக்கப்பட்டு, அதைப் பெற்றவர்களுக்கு நலிவு வேகம் குறைந்ததாகக் கூறப்பட்டது. அலுமினியத்தை நீக்க எண்ணிக் கொடுத்த அம்மருந்து இரும்பையும் நீக்கக்கூடியது. பின்னர் கிளியோக்குவினால் என்ற பழைய வயிற்றுப்போக்கு மருந்து சோதிக்கப்பட்டது. ஜப்பானில் இம்மருந்து பல்லாயிரவருக்குத் தண்டுவடத்தையும் பார்வை நரம்பையும் கெடுத்து, 1970இல் விற்பனை தடுக்கப்பட்ட வரலாறு உடையது. அதன் இனத்தைச் சேர்ந்த புதிய மருந்தொன்று 2008இல் நம்பிக்கை தந்து, 2014இல் எதிர்பார்த்த பயனைத் தராமல் போயிற்று. எதிர்த் திசையிலும் முயன்றனர்: ஜெர்மனியில் நோயாளிகளுக்கு நாள்தோறும் 8 மில்லிகிராம் தாமிரம் ஓராண்டுக் காலம் கொடுத்துப் பார்த்தனர், 2008இல் வெளியான முடிவின்படி அறிவாற்றலில் மாறுதல் இல்லை.

இவை யாவற்றிலும் சிந்திக்க வைக்கும் முடிவு 2024இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தலசீமியா நோயாளிகளின் உடலில் சேரும் இரும்பை அகற்ற நம் நாட்டிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் டெஃபெரிப்ரோன் என்ற மருந்து, அல்ஸைமர் நோயின் ஆரம்ப நிலையிலிருந்த 81 பேர் கொண்ட சோதனையில் ஓராண்டு பரிசோதிக்கப்பட்டது. மருந்து தன் வேலையைச் செய்தது. ஹிப்போகாம்பஸில் இரும்பு குறைந்தது. ஆனால் மருந்து உண்டவர்களின் அறிவாற்றல், வெற்று மாத்திரை உண்டவர்களைவிட விரைவாகக் குன்றியது. உடலிலுள்ள உலோக நஞ்சையெல்லாம் எடுத்துவிடுகிறோம் என்று விளம்பரம் செய்து முதியோருக்கு ஊசி ஏற்றுவோரிடம் செல்லுமுன், இச்செய்தியைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் வேண்டும்.

கண் காட்டும் வழி

விழித்திரை மூளையின் ஒரு கிளையே. கருவில் மூளையிலிருந்து முளைத்து வெளியே வந்த பகுதி அது. அல்ஸைமர் நோயால் இறந்தோரின் பார்வை நரம்பில் இழைகள் குறைந்திருப்பது 1986இல் காணப்பட்டது. இந்நோயாளிகளின் விழிவில்லை விளிம்பில் அமிலாய்டு படிந்து ஒரு தனிவகைப் புரை உண்டாகிறது என்று 2003இல் பாஸ்டன் விஞ்ஞானிகள் கூறினர். பிறர் தேடியபோது அது கிடைக்கவில்லை. 2011இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் குழுவினர் விழித்திரையிலேயே அமிலாய்டுப் புள்ளிகள் இருப்பதாக அறிவித்தனர். அவற்றை ஒளிரச் செய்து காட்ட அவர்கள் பயன்படுத்திய சாயம் குர்குமின், அதாவது நம் சமையலறை மஞ்சளின் நிறப்பொருள். மஞ்சள் அமிலாய்டைப் பற்றிக்கொண்டு ஒளிர்கிறது என்பதால் மஞ்சள் உண்டால் நோய் தீரும் என்று பொருள்படாது. குர்குமினைக் கொடுத்து நடத்திய மருத்துவச் சோதனை பயன் காட்டவில்லை.

கண்ணுக்கும் மூளைக்கும் இடையே ஒற்றுமை எவ்வளவு உண்டோ, வேற்றுமையும் உண்டு. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி நலியும் நோயில், அதன் அடியில் தோன்றும் படிவுகளில் அமிலாய்டும் துத்தநாகமும் சேர்ந்தே காணப்படுகின்றன. மூளைத் திட்டுகளை நினைவூட்டும் இப்படிவுகளைக் கண்டவர் துத்தநாகத்தைக் குறைக்கவே எண்ணுவர். நடந்ததோ வேறு. 2001இல் முடிவு வெளியான அமெரிக்கப் பெருஞ்சோதனையில், நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் துத்தநாகமும் சில வைட்டமின்களும் பெற்றவர்களிடம் அந்நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. துத்தநாகம் குடலில் தாமிரத்தைத் தடுத்துவிடும் என்பதால் 2 மில்லிகிராம் தாமிரமும் உடன் சேர்த்தனர். வில்ஸன் நோயில் மருந்தாகும் அதே குணம் இங்குத் தவிர்க்கப்பட வேண்டியதாயிற்று. அதே மனிதர்களின் நினைவாற்றலைச் சோதித்ததில் துத்தநாகத்தால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று 2004இல் தெரிந்தது.

ஆகவே கருவிழி வளையம் வில்ஸன் நோயைக் காட்டுவது போல் அல்ஸைமர் நோயைக் கண்ணில் கண்டு சொல்லும் பரிசோதனை மருத்துவமனை வழக்கத்திற்கு இன்னும் வரவில்லை. வீட்டிலுள்ள முதியவர் பெயர்களை மறக்கிறார், போன வழி திரும்பத் தெரியாமல் நிற்கிறார் எனில், கிராம சுகாதார ஊழியர் அதை வயதின் இயல்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மருத்துவர் முதலில் எழுதித் தரும் இரத்தப் பரிசோதனைகளுள் தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டும் இருக்கும். பி12 மூலக்கூற்றின் நடுவில் இருப்பது கோபால்ட் என்ற மற்றொரு சுவட்டு உலோகம். ஆடுமாடுகளின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் தீவனத்திலுள்ள கோபால்ட்டைக் கொண்டு இவ்வைட்டமினை ஆக்குகின்றன. மனித உடல் அதை ஆக்க இயலாமல் பால், முட்டை, மாமிசம் வழியாகவே பெறுகிறது. பாலும் முட்டையும் கிட்டாத முதியவர்களிடமும், குடல் நலிந்தவர்களிடமும் இது குறைந்து, அல்ஸைமர் நோயைப் போலவே மறதியும் குழப்பமும், சில வேளைகளில் பார்வை மங்கலும் தோன்றுகின்றன. உரிய காலத்தில் கண்டால் சில வார ஊசிகளிலேயே இக்குறைவு நீங்கிவிடும்.